கருமணலுக்குத் தரம் போடுறது யாரு?

வணக்கம் மக்களே. காத்து இரைச்சல் கேக்கும், பொறுத்துக்கிடுங்க. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடக்கரையில நிக்கேன். கையில அள்ளுனது கருப்பா, பளபளன்னு இருக்குல்லா? இல்மனைட்டுங்கிற தாது. சாதா மணலவிட கனம். வெள்ள பெயிண்ட்டுக்கு அந்த வெண்மையக் குடுக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு இந்தக் கருப்புக்குள்ளதான் கெடக்கு.

இதுக்குத் தரம் போடுறது மண்ணேதான். நம்ம ஊர் இல்மனைட்டுல டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 55 சதவீதம். இதே கடலோரமா வடக்க போனா கொல்லம் பக்கம் சவறா, அங்க 60. ஒடிசா சத்ரபூர்ல 50. மணல்ல இருந்து இரும்பு கரைஞ்சு போகப் போக டைட்டானியம் பங்கு ஏறும், அது நடக்க யுகம் யுகமா ஆகும். இங்க ஐஆர்இஎல்-ங்கிற மத்திய அரசு கம்பெனி ஆலையில காந்தம் வச்சுப் பிரிக்காங்க. ஆனா தரத்த அதுக்கு மேல ஏத்தணும்னா கெமிக்கல் ஃபேக்டரி வேணும். அது எவன் கையில இருக்கோ, அவனுக்குத்தான் பெரிய காசு. மணல் தோண்டலாமா கூடாதாங்கிற சண்டை தனி, அதுக்கு இன்னொரு வீடியோ போடுதேன்.

1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர். திருவிதாங்கூர்ல இருந்து போன கயித்துல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட்டுங்கிற இன்னொரு தாதுவக் கண்டுட்டு, அதத் தேடி இங்கயே வந்துட்டாரு. அதுல உள்ள தோரியம் அப்ப கேஸ் லைட்டு மேண்டிலுக்கு, அதாவது வெளிச்சம் குடுக்கிற வலைக்கு, வேணும். நாம கயித்துக்குத்தான் காசு வாங்கிருக்கோம், மணல் ஓசியில போயிருக்கு!

இப்ப மலையோரம், குலசேகரம் பக்கம் வாங்க. ரப்பர் கத வேற, இங்க தரம் மனுசன் கையில. கடைக்கார அண்ணன் ஷீட்ட வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிக்காரு. தேன் நெறத்துல வெளிச்சம் ஊடுருவணும். உள்ள குமிழி, பட்டைத் தூசி, மேல பூஞ்சை இருந்தா முடிஞ்சுது, ஆர்எஸ்எஸ் 4-ங்கிற தரம் (ஆர்எஸ்எஸ்-னா புகையில காய வச்ச ஷீட்டு) வரவேண்டியது 5-க்கு எறங்கிரும். ரெண்டு தோட்டத்துக்கும் ஒரே மழ, ஒரே மண்ணு. ஒருத்தர் ரப்பர் பால வடிகட்டி, ஆசிட்ட அளந்து ஊத்தி, புகைப்புரையில அவசரப்படாம காய வச்சிருப்பாரு. மத்தவரு வடிகட்டவே இல்ல.

இந்த மரத்தோட சொந்த ஊரு அமேசான். 1876-ல அங்க இருந்து வெத லண்டனுக்குப் போய், அப்புறந்தான் ஆசியாவுக்கு வந்துது. பிரேசில்ல தோட்டம் தோட்டமா நட்டா இலைக்கருகல் பூஞ்சை விடாது. இன்னைக்கு அவங்களே ரப்பர் இறக்குமதி பண்ணுதாங்க, உலகத்துலயே அதிகமா வெளையிறது தாய்லாந்துல!

நம்ம ஊர்ல நெறைய பேரு ஷீட் அடிக்கிறத விட்டுட்டு ஒட்டுப்பாலாவே, அதாவது செரட்டையில தானா ஒறஞ்ச பாலாவே, வித்துருதாங்க. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். வெட்டுக்கூலி, வெறகு, ஆசிட்டுன்னு செலவழிச்சு நல்ல ஷீட்டு கொண்டுபோனா, கிலோவுக்கு கொஞ்சம் ரூவாதான் கூடக் கெடைக்கு. பெறவு யாரு மெனக்கெடுவா? உங்க ஊர் கடையில 4-க்கும் 5-க்கும் எவ்வளவு வித்தியாசம் போடுதாங்க? கீழ எழுதுங்க மக்களே.