போட்டிக்குப் போன படகு வலைக்கும் போகும்

நடுவர் அவர்களே, தேவிபட்டினத்துக் கடற்காற்றில் மணல்மேல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'பழைய கார்களில் பெருமை யாருக்கு? சிக்கனக் காருக்கா, பந்தயக் காருக்கா?' இதுதான் தலைப்பு. நான் சிக்கனக் கார் பக்கம். எதிரணி அம்மா பேசினாரா, வண்டி ஓட்டினாரா என்றே தெரியவில்லை, அவ்வளவு வேகம்! 1957-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஃபாஞ்சியோ என்ற பந்தய வீரர் மசெராட்டி 250எஃப் என்ற பந்தயக் காரில் பின்தங்கி, சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்து, ஃபெராரிகளை முந்திய கதையைச் சொன்னார். நானும் கைதட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா, அது ஃபாஞ்சியோ கதை. கார் கதையை நான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் கார் கம்பெனி நடத்திய ஹெர்பர்ட் ஆஸ்டின் தன் வீட்டுப் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயதுப் பையனை உட்காரவைத்து ஒரு சின்னக் காருக்குப் படம் போடவைத்தார். 1922-இல் வந்தது ஆஸ்டின் 7. எஞ்சின் 747 சிசி. நம்மூர் புல்லட் இரண்டின் எஞ்சினைக் கூட்டினால் ஏறக்குறைய அவ்வளவுதான்! மோட்டார் சைக்கிளில் பக்கப்பெட்டி மாட்டி, மனைவி மக்களை மழையில் நனையவைத்தவனுக்கு நாலு சக்கரமும் கூரையும் கிடைத்தது. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள்.

சரி, பந்தயத்துக்கு வருவோம். லோட்டஸ் என்ற பந்தயக் கார் கம்பெனியை உண்டாக்கிய காலின் சாப்மன் 1948-இல் கட்டிய முதல் கார் எதன்மேல் எழுந்தது? பழைய ஆஸ்டின் 7 மேல்! பின்னாளில் மெக்லாரன் பந்தய அணியை உண்டாக்கிய ப்ரூஸ் மெக்லாரன் நியூசிலாந்தில் சிறு பையனாக முதன்முதலில் போட்டியில் ஓட்டியது? அதுவும் ஆஸ்டின் 7! அம்மா மகனைப் புகழ்ந்தார், பெற்றவளை மறந்துவிட்டார்.

தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். போட்டிக்கென்று தனிப் படகா செதுக்குகிறார்கள்? மீனுக்குப் போகிற அதே படகுதானே! பரிசு வாங்கிய மறுநாள் அதில் வலை ஏறும். 1959-இல் வந்த மினி அந்த ஜாதி. சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பட்டதால் பிறந்த குட்டி வண்டி. 1964, 1965, 1967 மான்டி கார்லோ ராலிகளில் ஜெயித்தது. அதே மாதிரி வண்டியில்தான் ஊர்க்காரர்கள் கடைக்குப் போய் வந்தார்கள்.

டிஸ்க் பிரேக் பந்தயம் தந்த வரம் என்றார் அம்மா. 1953-இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் அதைப் போட்டு ஜெயித்தது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரம் ஊருக்குப் பயன்பட்டது எப்போது? சாதாரணக் காரில் ஏறிய பிறகுதானே?

எங்கள் பெரியப்பாவிடமும் ஒரு பழைய கார் இருந்தது. உப்புக் காற்று தரையைத் தின்று, உள்ளே இருந்தே ரோட்டைப் பார்க்கலாம். பலகையை வைத்து ஓட்டினார். கல்யாணம், பிரசவம், கருவாட்டுக் கூடை எல்லாம் அந்தப் பலகைமேல்தான்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லிவிட்டு இராத்திரியே பரமக்குடி திரும்ப வேண்டும் என்றீர்கள். அந்த மசெராட்டியை அனுப்பினால் ஒரே ஒரு சீட்டு, கூரை கிடையாது. உங்களுக்குப் போட்ட பொன்னாடையை எங்கே வைப்பீர்கள்? அப்புறம், கூட வந்திருக்கும் வீட்டம்மாவை?