"வீட்டுக்குப் போ" என்று சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே,

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பள்ளி நிர்வாகம் பிள்ளைகளை எப்படிக் காக்க வேண்டும் என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும் என்பதால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் பள்ளிகளைப் பகுதிவாரியாகப் பிரித்து, 'பள்ளி மாவட்டம்' என்ற அமைப்பின் கீழ் நடத்துகிறார்கள். அவற்றுள் ஆகப் பெரியது நியூயார்க் மாநகரத்தினுடையது. கொரோனா வந்தபோது அங்கே ஏறத்தாழ 11 இலட்சம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் என் பேச்சு கொரோனாவில் தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வேலை செய்த லிலியன் வால்ட் என்ற செவிலியர், தலையெல்லாம் புண்ணாக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்தித்தார். அவன் அதுவரை பள்ளியில் படித்ததே இல்லை. ஏன் என்று கேட்டபோது, தான் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் ஆசிரியர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார் என்றான். சில காலம் களிம்பு பூசியதில் புண் ஆறிவிட்டது; பையன் பள்ளிக்குப் போனான். களிம்பு பூச ஓர் ஆள் இல்லாமல் போனதால் ஒரு பிள்ளையின் பன்னிரண்டு வயது வரையான படிப்பு போயிற்று என்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் ஆறுவதில்லை.

அந்நாளில் மாநகரம் மருத்துவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பிள்ளைகளைச் சோதிக்கத் தொடங்கியிருந்தது. கண்நோய், படர்தாமரை, சொறி, பேன் என எது இருந்தாலும் பிள்ளையை விலக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிகிச்சை தருவது யார் பொறுப்பும் இல்லை. அப்படி விலக்கப்பட்ட பிள்ளை மாலையில் அதே வகுப்புத் தோழர்களோடு தெருவில் கட்டிப் புரண்டு விளையாடிக்கொண்டிருக்கும். 1902 அக்டோபரில் வால்ட் தம் செவிலியர்களில் ஒருவரான லினா ராஜர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பினார். அவர் பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்திட்டார். பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாயிடம் பக்குவம் சொன்னார். அதன் பயனைக் கண்ட மாநகரம் மேலும் செவிலியர்களை அமர்த்தியது. 1902 செப்டம்பரில் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 1,101 பேர்தாம்.

இந்த அனுபவம் 1918இல் கைகொடுத்தது. இன்ஃப்ளுயென்சா கொள்ளைநோய் வந்தபோது அமெரிக்க நகரங்களில் பெரும்பாலானவை பள்ளிகளை மூடின. நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் மூட மறுத்தார். பத்து இலட்சத்துக்கு நெருங்கிய மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில், காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வீட்டைவிடப் பள்ளியே சுத்தமான இடம் என்பது அவர் வாதம். குழந்தைகள் நலப் பிரிவின் தலைவரான மருத்துவர் ஜோசஃபின் பேக்கரும் அதே கருத்தினர். பிள்ளைகள் வாசலில் கூட்டம் கூடாமல் நேராக வகுப்புக்குப் போக வேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டும். நோயின் அறிகுறி உள்ளவரைத் தனியே பிரித்துச் சுகாதாரத் துறையினரிடம் ஒப்படைக்க வேண்டும். முன்பே கட்டி வைத்திருந்த செவிலியர், மருத்துவர் அணி இல்லாதிருந்தால், பள்ளியைத் திறந்து வைத்த அதே முடிவு பெரும் விபரீதமாக முடிந்திருக்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

2020 மார்ச் 16 அன்று நியூயார்க் தன் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. மூடியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த முதல் அலையில் கல்வித் துறைப் பணியாளர்கள் 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஆசிரியர்களும் உதவியாளர்களும் உண்டு. ஆனால் 11 இலட்சம் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்ன மறுகணமே, பள்ளி இதுவரை சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளெல்லாம் வெளியே தெரிந்தன. முதலில் சோறு. சத்துணவை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வகுப்பறைப் பாடம் நின்றாலும் 400க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்களில் உணவுப் பொட்டலம் வழங்கினார்கள். வீடற்றோர் காப்பகங்களில் வாழும் பிள்ளைகள் உட்பட, இணையவழிப் பாடத்துக்குக் கருவி இல்லாதோருக்கு மூன்று இலட்சம் ஐபேடுகளை இணைய இணைப்போடு அனுப்பினார்கள். மருத்துவமனை ஊழியர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி மையங்கள் திறந்தார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மீண்டும் திறப்பதற்கு முன் நடந்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களின் வகுப்பறைகளில் காற்றோட்டம் இருக்கிறதா என்று அறிய, ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலின் நுனியில் கழிப்பறைக் காகிதத்தை ஒட்டி, சுவரின் காற்றுத் துளைக்கு எதிரே நீட்டிப் பார்த்தார்கள். காகிதம் துளையை நோக்கிச் சாய்ந்தால் காற்று இழுக்கிறது என்று பொருள். அசையாமல் தொங்கினால் அந்த அறையைப் பழுது பார்க்கும்வரை பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது மிகச் சரியான வேலையாகவே படுகிறது, ஏனென்றால் அந்தக் காகிதத்தைப் பிடிக்க ஒருவர் ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழைந்து, சன்னல் திறக்கிறதா, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திலும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கம் உறுதிமொழி கேட்டுப் பெற்றதும் அப்போதுதான். லினா ராஜர்ஸ் காலத்திலிருந்து 118 ஆண்டுகள் கழித்தும் அதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

இவ்வளவு செய்த அதே பள்ளி மாவட்டம், மூடுவதற்கு ஒரேயோர் எண்ணை நம்பியது. நகரம் முழுவதும் எடுக்கும் பரிசோதனைகளில் ஏழு நாள் சராசரியாக நூற்றுக்கு மூன்று பேருக்குத் தொற்று என்றானால் பள்ளிகள் அனைத்தும் மூடப்படும் என்பது விதி. நவம்பரில் அந்த எண் வந்தது. 19ஆம் தேதி பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது பள்ளிகளுக்குள் நடத்திய பரிசோதனையில் தொற்று நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கோ தடை இல்லை. நகரத்தின் மொத்தக் கணக்கைக் கொண்டு ஒரு வகுப்பறையின் ஆபத்தை அளந்தது பெரும் பிழை என்பது என் தீர்மானமான கருத்து. டிசம்பர் 7 அன்று தொடக்கப் பள்ளிகளைத் திறந்தபோது மாநகரம் வழியை மாற்றிக்கொண்டது: ஒவ்வொரு பள்ளியிலும் வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கினருக்குப் பரிசோதனை. அந்தந்தப் பள்ளிக்குள் நோய் இருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்தார்கள்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்றால் வகுப்பையே வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை விட்டு, அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைப் பொருளைக் கொடுத்து, தொற்றில்லாதவரை வரச் சொன்னார்கள். அப்படியிருந்தும் விடுமுறைக்குப் பின் திறந்த நாளில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் வரவில்லை. பெற்றோரின் அச்சம் அவ்வளவு ஆழமாக இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்தக் கல்வியாண்டு முடிந்தபோது, பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தவறவிட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர். கொரோனாவுக்கு முன் இது நான்கில் ஒருவர் என்ற அளவில் இருந்தது. இப்போது அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை, வருவதுதான் விட்டுப்போயிற்று. 1902இல் ஒரு செவிலியர் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறியது இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடித்தான்.

நேரம் ஆகிவிட்டது. இனி நீங்கள் பேச வேண்டும். தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு உங்கள் பள்ளியிலிருந்து யார் போகிறார்கள், எத்தனையாவது நாளில் போகிறார்கள் என்பதை நீங்கள் சொல்லக் கேட்க விரும்புகிறேன்.