ஓடாத படம் மட்டமான படமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "படத்தின் தரத்தைச் சொல்வது வசூலா, காலமா?" என்ற தலைப்பில், காலமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் "ஜனங்களே ஒதுக்கிய படத்தை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டார். சரி, ஒரே ஒரு படத்தை வைத்துப் பேசுவோம். 1954இல் வந்த ஏவி.எம்மின் 'அந்த நாள்'.

இயக்கியவர் எஸ். பாலசந்தர். ஆமாம், வீணை பாலசந்தரேதான்! விரல் நுனியில் இசையை வைத்திருந்தவர், பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார். பாட்டுக்காகவே கொட்டகைக்குப் போன காலம் அது. வந்தவர்கள் ஏமாந்தார்கள், படம் ஓடவில்லை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் திரையில் என்ன இருக்கிறது, பாருங்கள். எடுத்த எடுப்பில் துப்பாக்கி வெடிக்கிறது. செத்து விழுவது யார்? சிவாஜி கணேசன்! 'பராசக்தி' வந்து இரண்டே வருடம், அதற்குள் அவரைப் பிணமாக்கிக் கதையைத் தொடங்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1943, சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரம். ரேடியோ எஞ்சினியர் ராஜனைச் சுட்டது யார்? சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். மாருதி ராவின் கேமராவில் பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு. யாரை நம்புவது?

"அது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தின் பாதிப்புதானே" என்றும் நண்பர் சொன்னார். பாதிப்பு உண்டு, அதிலும் ஒரே சாவை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே கொள்ளைக்காரன் "நான்தான் கொன்றேன்" என்கிறான், செத்தவனின் ஆவியும் "நானே குத்திக்கொண்டேன்" என்கிறது. பழியைத் தானே ஏற்கிறார்கள். இங்கே ஒவ்வொரு விரலும் அடுத்தவரை நோக்கி நீள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ராஜனின் தம்பியைக் காட்டுகிறார். அந்தத் தம்பியோ தாலி கட்டிய மனைவியையே காட்டுகிறான்! ஒரு வீட்டுக்குள் புகைந்துகொண்டிருக்கிற சந்தேகத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய படம் அன்றைக்கு வேறு எது ஐயா?

எழுபது வருடம் கழித்து அந்தக் கொலையை நாம் இந்த மேடையில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதே வருடம் வசூலை அள்ளிய படங்களில் எத்தனையின் பெயர் இந்த அவைக்கு நினைவிருக்கிறது? நண்பர் பதில் சொல்லட்டும்.

பார்க்காதவர்கள் இன்று இரவே பாருங்கள். சுட்டது யார் என்பதை மட்டும் என் வாயிலிருந்து வாங்க முடியாது. நன்றி, வணக்கம்.