குளிர்காலத்தில் டான்யூப் கப்பல்: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் ஆற்றுக் கப்பலில் போக நினைப்பவர்களுக்கு என்னென்ன ஏற்பாடு தேவை என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரைன், மைன், மோசெல் என்று ஆறுகள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் தொட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் டான்யூப் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் நியூரம்பர்க்கிலோ பசாவிலோ ஏறி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்டில் இறங்குகிற ஒரு வாரப் பயணம் அது. என் அப்பா அம்மாவை அழைத்துப்போனதும் அந்த வழியில்தான்.

விளம்பரப் புத்தகத்தில் எத்தனை ஊர் என்று எண்ணிப் பார்ப்பதை முதலில் விடுங்கள். எந்த ஊர் எந்த மணிக்கு என்று கேளுங்கள். டிசம்பர் நடுவில் வியன்னாவில் சூரியன் வருவதே காலை 7.40 வாக்கில்தான், மாலை 4 மணிக்கெல்லாம் போய்விடுகிறது, புடாபெஸ்டில் இன்னும் சில நிமிடம் முன்னதாகவே இருட்டிவிடும். கையில் இருப்பது எட்டு மணி நேரத்துச் சொச்சம் பகல், அதிலும் பாதி நாள் மேகமூட்டம். இந்த வழியிலேயே அழகான பகுதி ஆஸ்திரியாவில் மெல்க் ஊரிலிருந்து கிரெம்ஸ் வரைக்கும் வருகிற வாக்கௌ பள்ளத்தாக்கு, 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். இரண்டு கரையிலும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், பாறை மேல் இடிந்த கோட்டை, டூர்ன்ஸ்டைனில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கோயில் கோபுரம். உங்கள் கப்பல் மாலை ஆறு மணிக்கு அதைக் கடந்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும், வேறு எதுவும் தெரியாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே, "வாக்கௌவைப் பகலில் கடக்கிறீர்களா, எத்தனை மணிக்கு?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடும், கப்பலும் போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங்கிலிருந்து பில்ஸ்ஹோஃபன் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்கு ஆற்றில் தடுப்பணையே கிடையாது. மழை குறைந்தால் அங்கே ஆழம் குறைந்து கப்பலின் அடி தட்டும். மழை கூடினால் ரீகன்ஸ்பர்க், பசாவ் பாலங்களுக்கு அடியில் கப்பல் நுழைய முடியாது. இரண்டில் எது நடந்தாலும் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, அந்தப் பக்கம் நிற்கிற இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள், அல்லது அதே கப்பலை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுத் தினமும் பேருந்தில் ஊர் சுற்றிக் காட்டுவார்கள். பனிக்கட்டியும் அபூர்வமாக வரும், 2017 ஜனவரியில் டான்யூப் பல இடங்களில் உறைந்து கப்பல் போக்குவரத்தே நின்றது.

இதற்கு என் யோசனை எளிது: வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் நியூரம்பர்க்கில் ஏறாதீர்கள், பசாவிலோ பில்ஸ்ஹோஃபனிலோ ஏறுங்கள். அந்த 70 கிலோமீட்டர் தொல்லை உங்களுக்கு மேலேயே நின்றுவிடும், கீழே ஆஸ்திரியாவில் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களின் அணைகளால் ஆழம் சீராக இருக்கிறது. நியூரம்பர்க்கின் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்க ஆசையென்றால் முன்னதாகவே போய் ஓட்டலில் ஒரு இரவு தங்கிப் பார்த்துவிட்டு ரயிலில் பசாவுக்கு வரலாம். எப்படியும் நியூரம்பர்க்கில் கப்பல் நிற்பது ஊருக்கு நடுவில் இல்லை, பல கிலோமீட்டர் தள்ளிக் கால்வாய்த் துறைமுகத்தில்தான். கப்பலுக்குப் பதில் பேருந்து என்றால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளுக்கு மேல் வரும் என்பதை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள்.

சரி, தேதி. டிசம்பரில் இந்தப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போகிறார்கள், ஆகவே கிறிஸ்துமஸ் வாரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரம்தான் ஏமாற்றம் தரும். பசாவ் சந்தை 23-ஆம் தேதியோடு முடிகிறது, நியூரம்பர்க் 24 மதியத்தோடு சரி. 24 மதியத்துக்குப் பிறகு ஜெர்மன் ஊர்களில் கடை கண்ணி எல்லாம் அடைத்துவிடுவார்கள், 25, 26 இரண்டும் விடுமுறை. வியன்னா நகர மன்றத்தின் முன்னால் இருப்பது 26 வரை ஓடும். டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில் போனால் எல்லா ஊரிலும் சந்தை இருக்கும், கூட்டமும் கொஞ்சம் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், மருந்து மாத்திரை வாங்க வேண்டுமென்றால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா அது. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாட்டின் தூதரகத்தில். கப்பலில் போகிறவர்களுக்கு இதுதான் தலைவலி, காலையில் ஒரு நாடு, இரவில் இன்னொரு நாடு. ஒவ்வொரு நாளும் கப்பல் எங்கே இருக்கும் என்று நிறுவனத்தின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள், ஓட்டல் இரவுகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், பசாவ் முதல் புடாபெஸ்ட் வரை என்றால் பெரும்பாலும் ஆஸ்திரியா வரும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்னால் கட்டாயம். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. புடாபெஸ்டைத் தாண்டி பெல்கிரேட் வரை போகிற பயணமென்றால் கவனம், செர்பியா ஷெங்கனில் இல்லை, வெளியே போய்த் திரும்ப நுழைய இரு முறையோ பல முறையோ நுழையக்கூடிய விசா இருந்தாக வேண்டும்.

கப்பல் ஏறுகிற நாளன்றே விமானத்தில் போய் இறங்குவது குளிர்காலத்துக்கு ஆகாது. 2023 டிசம்பர் 2-ஆம் தேதி பனி கொட்டி மியூனிக் விமான நிலையமே மூடிக் கிடந்தது, ரயில்களும் நின்றன. உங்கள் ஒருவருக்காகக் கப்பல் காத்திருக்காது. ஒரு இரவு முன்னதாகப் போய்ச் சேருங்கள், அந்தச் செலவு பெரிதாகத் தெரிந்தால் கேபினில் மிச்சம் பிடிக்கலாம்.

கேபினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால்கனி உள்ள கேபினுக்குக் கூடுதல் பணம் வாங்குவார்கள், டிசம்பரில் அந்தக் கதவை நீங்கள் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் திறந்தால் அதிகம். பிரெஞ்சு பால்கனி என்றால் நிற்கவும் இடம் இருக்காது, கதவும் கம்பியும் மட்டும்தான். அதோடு துறையில் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்கள், உங்கள் ஜன்னலுக்கு நேரே அடுத்த கப்பலின் ஜன்னல் இருக்கும், திரையை மூடித்தான் உடை மாற்ற வேண்டும். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களைக் கீழ்த்தளத்தில் போடாதீர்கள். பல கப்பல்களில் லிஃப்ட் கீழ்த்தளம் வரை போகாது. நடுத்தளம், நடுப்பகுதி, இன்ஜின் இருக்கும் பின்பக்கத்தைத் தவிர்த்து, அவ்வளவுதான்.

இரவில் கப்பல் லாக்கில் இறங்கும்போது பயப்படாமல் இருக்க வயதானவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அணை உள்ள இடத்தில் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குக் கப்பலை இறக்குகிற தொட்டி அது. நியூரம்பர்க் பக்கத்துக் கால்வாயில் அந்தத் தொட்டியின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர், ஆக இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட இருக்காது. டான்யூபில் தொட்டி இன்னும் அகலம், ஆனாலும் கப்பல் ஒரு சுவரை ஒட்டித்தான் நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திரையை விலக்கினால் ஜன்னலை ஒட்டி ஈரக் கான்கிரீட் சுவர், பாசி வழிகிறது, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகிறது. அம்மா கப்பல் முழுகுகிறது என்றே நினைத்துவிட்டார். நாங்கள் எழுந்து விளக்கிச் சொன்ன பிறகு தூக்கம் போய், கதவு திறக்கும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உடையில் ஒரே ஒரு கனமான கோட்டை நம்ப வேண்டாம். உள்ளே தெர்மல், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. கப்பலுக்குள் நல்ல வெதுவெதுப்பு, எல்லாவற்றையும் சட்டென்று கழற்ற முடிய வேண்டும். ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், இரண்டு சாக்ஸ் போடலாம். அடிப்பாகம் ஆழமான வரியுள்ள ரப்பராக இருக்கட்டும், ஏனென்றால் பழைய ஊர்கள் எல்லாமே கருங்கல் பாவிய தெரு, காலையில் அதன் மேல் மெல்லிய பனிப்படலம் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. கப்பலிலிருந்து கரைக்குப் போடும் பலகை இன்னும் மோசம், ஊழியர்கள் உப்புத் தூவி வைத்திருந்தாலும் கைப்பிடியை விடாதீர்கள்.

சாப்பாடு. சைவம் என்று மட்டும் எழுதினால் மீன் வந்தாலும் வரும், மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று பதிவு செய்யும்போதே விவரமாக எழுதுங்கள், ஏறிய அன்று இரவு உணவக மேலாளரிடம் நேரில் மறுபடியும் சொல்லுங்கள். அதன் பிறகு நன்றாகவே கவனிக்கிறார்கள். சந்தையில் உருளைக்கிழங்கைத் துருவி அடை போலத் தட்டிப் பொரித்து ஆப்பிள் கூழோடு தருவார்கள், சுட்ட செஸ்ட்நட் கிடைக்கும், புடாபெஸ்டில் லாங்கோஷ் என்று பொரித்த ரொட்டி, பூண்டு தடவிக் கேட்டு வாங்குங்கள். மது வேண்டாம் என்பவர்கள் கிண்டர்புன்ஷ் கேட்கலாம், சூடான மசாலா பழச்சாறு. கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். ஹங்கேரியில் மட்டும் ஃபோரிண்ட், அங்கே கார்டே போதும். ஊரிலிருந்து பொடியும் முறுக்கும் எடுத்துப் போங்கள், நெய், பால்கோவா வேண்டாம், பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை.

வியன்னாவில் மாலைச் சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையே இல்லை. கப்பல் ரைஷ்ஸ்புரூக்கே பாலத்தருகே நின்றால் பக்கத்திலேயே ஃபோர்கார்டன்ஸ்ட்ராஸே மெட்ரோ நிலையம், யூ1 வண்டியில் நான்காவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், ஊரின் நட்டநடு. அப்பாவுக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்தது அந்த மெட்ரோதான்.

கடைசி நாள் காலை ஒன்பது மணிக்குள் கப்பலைக் காலி செய்யச் சொல்வார்கள். அன்றைக்கே விமானம் பிடிக்காமல் புடாபெஸ்டில் ஒரு இரவு தங்குங்கள். 1913-ல் திறந்த செசெனி வெந்நீர்க் குளம் குளிர்காலத்திலும் திறந்தவெளியில் நடக்கிறது, ஆவி பறக்கிற தண்ணீரில் கழுத்துவரை இருந்தால் ஒரு வாரம் கல் தெருவில் நடந்த கால்வலி இறங்கும். நீச்சலுடையையும் ரப்பர் செருப்பையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அன்று பெரிய பெட்டி ஓட்டல் அறைக்கு வந்து சேர மதியம் ஆகிவிடும். நன்றி, வணக்கம்.