ஒலிவத் தோப்பும் ஊர்ப்பெயரும்
(நுகர்வோர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இனிய வரவேற்புரை வழங்கிய மன்றச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கூட்டுறவுத் துறையின் மேனாள் இணைப் பதிவாளர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் தந்த பள்ளித் தாளாளர் அம்மையார் அவர்களே, சென்ற ஆண்டு கலப்பட நல்லெண்ணெயைப் பற்றி நான் பேசியதைக் கடைசிவரை கேட்டும் இந்த ஆண்டு துணிந்து வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பாலஸ்தீனச் சிற்றூர்களில் குடும்பங்கள் வழிவழியாகப் பேணிவரும் தோப்புகளின் ஒலிவ எண்ணெயை, அதாவது ஆலிவ் எண்ணெயைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். மரம், எண்ணெய், அதில் செய்யும் சோப்பு, அதைக் கொண்டு சமைக்கும் உணவு என நான்கு பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன்.

“மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்” என்னும் பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையையும் விட்டு இறங்குவதில்லை என்பது இந்த மன்றத்தாருக்குத் தெரியும். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள நாப்லுஸ், ஜெனின், ராமல்லா பகுதிகளின் மலைச்சரிவுகளில், கல்லை அடுக்கி வரப்புக் கட்டிய நிலங்களில் நிற்கும் ஒலிவ மரங்களுக்கு அது அப்படியே பொருந்தும். அவற்றில் பெரும்பாலானவை குளிர்கால மழையை மட்டுமே நம்பி வாழும் மானாவாரி மரங்கள். பெத்லகேமை அடுத்த அல்வலஜா ஊரில் நிற்கும் ஒரு மரத்துக்கு நாலாயிரம் முதல் ஐயாயிரம் ஆண்டு வயதிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இவ்விடத்தில் அரபு நூல்களில் பல வடிவங்களில் வரும் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். பாரசீக மன்னன் அனுஷிர்வான் பரிவாரத்தோடு போகும்போது, தள்ளாத கிழவர் ஒருவர் ஒலிவக் கன்று நட்டுக்கொண்டிருப்பதைக் கண்டான். குதிரையை நிறுத்தி, “பெரியவரே, காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும் மரத்தை இந்த வயதில் நடுகிறீரே, நீர் உண்ணப் போகிறீரா?” என்று கேட்டான். கிழவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “முன்னோர் நட்டார்கள், நாங்கள் உண்டோம், நாங்கள் நடுகிறோம், பின்னோர் உண்பார்கள்” என்றார். மன்னன் மகிழ்ந்து ‘பலே’ என்றான். அவன் பலே சொன்னால் நாலாயிரம் திர்ஹம் கொடுப்பது அரண்மனை வழக்கம், கொடுத்தார்கள். கிழவர் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, “மன்னா, என் மரம் எவ்வளவு விரைவில் காய்த்துவிட்டது பார்த்தீர்களா?” என்றார். மீண்டும் பலே, மீண்டும் நாலாயிரம். “ஊரார் மரம் ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும், என் மரம் ஒரே நாளில் இருமுறை காய்த்திருக்கிறது” என்றார். மூன்றாம் முறையும் கொடுத்துவிட்டு, “புறப்படுங்கள், இன்னும் சற்று நேரம் நின்றால் இவர் நம் கருவூலத்தையே காலி செய்துவிடுவார்” என்று மன்னன் குதிரையைத் தட்டினான். (கைத்தட்டல்.) கிழவரின் அந்த முதல் விடை இன்றைக்கும் பாலஸ்தீனத்தில் வழங்கும் சொலவடையாகும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் அறுவடை நடக்கும். குழந்தைகள் முதல் பாட்டிமார் வரை தோப்புக்குச் சென்று, மரத்தடியில் படுதாவை விரித்து, கையாலும் சிறு சீப்புகளாலும் காயை உருவுவார்கள். கோலால் அடித்தால் மறு ஆண்டு காய்க்க வேண்டிய தளிர் ஒடிந்துவிடும். பறித்த காய் மூட்டையில் கிடந்து புழுங்கினால் எண்ணெயின் அமிலம் ஏறிவிடுமாகையால், கூடியவரை அன்றன்றே ஊர் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். நாலைந்து கிலோ காய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் தேறும். பசுமை நிறத்தில் கலங்கலாக வழியும் புது எண்ணெயை அங்கேயே ரொட்டியில் தொட்டு உண்பார்கள். தொண்டையில் காரமாகக் கடித்தால் அது நல்ல எண்ணெய். எஞ்சியதைப் பதினாறு கிலோ தகர டின்களில் ஆண்டுச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். பிண்ணாக்கும் வீணாகாமல் அடுப்பெரிக்கப் பயன்படும்.

ஆனால் மரம் வைத்தவனே மரத்தடிக்குப் போக முடியவில்லை என்றால் என்ன செய்வது? 2002 முதல் இஸ்ரேல் கட்டிவரும் தடுப்புச் சுவரின் பெரும்பகுதி மேற்குக் கரைக்குள்ளேயே செல்கிறது. அது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு ஜூலையில் ஆலோசனைக் கருத்து வழங்கியும் சுவர் நிற்கிறது. அதற்கு அப்பால் தோப்பு உள்ளவர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பல வாயில்கள் அறுவடைக் காலத்தின் சில நாள்களில் மட்டுமே திறக்கின்றன. உழவும் கவாத்தும் வேறு மாதங்களில் செய்ய வேண்டியவை என்பதால் விளைச்சல் குறைகிறது. மேற்குக் கரையில் குடியேறிய இஸ்ரேலியர்கள் மரங்களை வெட்டியும் எரித்தும் வரும் நிகழ்ச்சிகளை ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆண்டுதோறும் பதிவு செய்கிறது. இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகள் பயிரிடாத நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள இடம்தரும் 1858ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தை, அதாவது அங்கே முன்பு ஆண்ட துருக்கிய உதுமானியப் பேரரசின் சட்டத்தை, இஸ்ரேல் இன்றும் கையாளுகிறது. போகவிடாமல் தடுப்பதும், போகாததால் எடுத்துக்கொள்வதும் எந்த ஊர் நியாயம்? எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் குடும்பங்களின் வருவாய் இந்த மரங்களைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பதிவாளர் ஐயா போன்றவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் மன்றம் இதில் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். நான் ஓயாமல் கேட்டுவருவது ஒன்றே: ஒவ்வொரு எண்ணெய்ப் புட்டியிலும் விளைந்த ஊரும் அறுவடை ஆண்டும் அச்சிடப்பட வேண்டும். ஒலிவ எண்ணெய் வைத்திருக்க வைத்திருக்கத் தரம் குறையும் பொருள். பல நாட்டு எண்ணெயைத் தொட்டியில் கலந்து அடைத்துவிட்டால் உழவரின் ஊரும் மறைந்துவிடும், எண்ணெயின் வயதும் மறைந்துவிடும். நம் கடைகளில் ‘ஆலிவ்’ என்பதைப் பெரிதாகவும் ‘போமேஸ்’ என்பதைச் சிறிதாகவும் அச்சிட்டு, பிண்ணாக்கிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்துச் சுத்திகரித்த எண்ணெயை விற்பதை நீங்களே பார்க்கலாம். ஊர்ப்பெயரோடு விற்க முடியாது என்பார்கள், ஏன் முடியாது? 2004இல் பிரிட்டனில் தொடங்கப்பெற்ற சைதூன் நிறுவனம் பாலஸ்தீன உழவர்களின் எண்ணெயை விற்று, 2009இல், உழவருக்கு நியாய விலை கிடைப்பதைக் காட்டும் நியாய வணிகச் சான்று (Fairtrade) பெற்ற உலகின் முதல் ஒலிவ எண்ணெய் என்னும் பெயரை அதற்கு ஈட்டித் தந்தது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றட்டும்; வாங்குகிறவன் யார் வைத்த மரம் என்றாவது கேட்கட்டும்.

தலைவர் அவர்கள் மணியை எடுத்துவிட்டார்கள். நாப்லுஸ் சோப்புத் தொழிலை 2024இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதோடு சோப்பை விட்டுவிடுகிறேன். சமையலை அடுத்துப் பேசவிருக்கும் அம்மையார் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஊரும் அறுவடை ஆண்டும் புட்டியில் இடம்பெற வேண்டும் என்று கோரும் தீர்மானத்தை இந்த அவையின் முன் வைக்கிறேன்; ஆதரிப்பவர்கள் வாயிற்புற மேசையிலுள்ள ஏட்டில் கையொப்பமிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.