"காத்து பிரிஞ்சுதா?" சிசேரியனுக்கு அப்புறம் வயிறு ஏன் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்புகிறது?

(திரையில்: ஏற்காடு ஏரிக்கரை. கார் முகப்பின் மேல் ஒரு சிப்ஸ் பாக்கெட்.)

இந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் பாருங்கள். காலையில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பெட்டிக்கடையில் வாங்கியது. அப்போது விரலால் அழுத்தினால் அமுங்கியது. இப்போது இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே வந்துவிட்டோம். தட்டுகிறேன், கேளுங்கள். டம் டம். யாரும் ஊதவில்லை, பிரிக்கவும் இல்லை.

சிசேரியன் முடிந்த மூன்றாம் நாள் என் வயிறும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. குழந்தை தொட்டிலில் தூங்குகிறது, என் வயிறு மட்டும் இறங்கவே இல்லை, தட்டினால் இதே சத்தம். பார்க்க வந்த சித்தி, "இன்னொண்ணு உள்ளே இருக்கா கண்ணு?" என்று கேட்டே விட்டார்.

வணக்கம் மக்களே. இன்றைக்கு நம் வீடுகளில் யாரும் சத்தமாகப் பேசாத ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். இந்திய அளவில் அது 21 சொச்சம்தான். அப்படியென்றால் நம் ஊரில் ஏறக்குறைய ஒன்று விட்டு ஒரு தாய் இந்த மூன்றாம் நாளைப் பார்த்திருக்கிறார். ஆனாலும் யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள்.

நான் இருந்த ஆஸ்பத்திரியில் காலை ரவுண்ட்ஸ் வரும்போது நர்ஸ் அக்கா கேட்கும் முதல் கேள்வியே "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். அறையில் மாமனார், கொழுந்தன், பக்கத்து வீட்டு அண்ணன், எல்லோரும் நிற்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உதட்டைப் பிதுக்குவேன். நான்காம் நாள் விடிகாலை, அது நடந்தது. எங்கள் அத்தைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குழந்தை பிறந்ததற்கு லட்டு கொடுத்தோம், உண்மையில் அன்றைக்குத்தான் இன்னொரு பெட்டி வாங்கியிருக்க வேண்டும்.

சரி, ஏன் இப்படி? பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வயிற்றைத் திறந்து கை வைத்ததும் குடல் பயந்து வேலைநிறுத்தம் செய்துவிடும். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் அதை இன்னும் தூங்க வைக்கும். சிறுகுடல் பொதுவாக ஒரு நாளுக்குள் எழுந்துவிடும், இரைப்பைக்கு ஓரிரு நாள், பெருங்குடல்தான் சோம்பேறி, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். இதற்கிடையில் விழுங்கிய காற்றும், குடல் கிருமிகள் உண்டாக்கும் வாயுவும் போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். அவ்வளவுதான் பாடம்.

இனி எனக்குப் பிடித்த இடம். சூயிங்கம்.

சிரிக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2016-இல் 17 ஆய்வுகளை, மொத்தம் 3,149 தாய்மார்களை, சேர்த்துப் பார்த்தது. சிசேரியனுக்குப் பிறகு சூயிங்கம் மென்றவர்களுக்குச் சராசரியாக சுமார் ஏழு மணி நேரம் முன்னதாகவே காற்று பிரிந்திருக்கிறது. ஏழு மணி நேரம்! அந்த வலியோடு படுத்திருப்பவர்களுக்கு அது ஒரு முழு இரவு. ஆய்வுகளின் தரம் பிரமாதம் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காரணம் அழகானது. வாய் மெல்லுகிறது, எச்சில் ஊறுகிறது, மூளை "சாப்பாடு வருது போல" என்று நினைத்து, மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பு வழியாகக் குடலுக்குத் தகவல் அனுப்புகிறது. குடல் தூக்கம் கலைந்து எழுந்து பார்த்தால் இலையில் ஒன்றுமே இல்லை. பந்தி போடுவதாகச் சொல்லி உட்கார வைத்து ஏமாற்றுவது மாதிரிதான். ஆனால் எழுந்தது எழுந்ததுதான், மறுபடி தூங்கப் போகாது.

நான் என் கணவரிடம் கேட்டதும் அவர் சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஒன்று வாங்கி வந்தார். நான் மெல்லுவதைப் பார்த்து எங்கள் பாட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். "பச்ச உடம்புக்காரி பபிள்கம் மெல்றாளே, இது அடுக்குமா?" டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மென்றேன், நீங்களும் கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு அரை மணி நேரம் போதும். நாள் பூராவும் மென்றால் எச்சிலோடு காற்றையும் விழுங்குவீர்கள், கதை ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும்.

அதே பாட்டிதான் என் காதில் பஞ்சு வைத்து, தலையில் துண்டு கட்டி, "காத்து உள்ள பூந்துடும்" என்றார். நான் சிரித்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால் பாட்டி பாதி சரி! காது வழியாகப் போவதில்லை, ஆனால் வயிற்றைத் திறக்கும்போது அறைக் காற்று நிஜமாகவே உள்ளே போகும். தைத்த பிறகும் கொஞ்சம் தங்கி, சில நாட்களில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காற்று உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை, உரசினால் வலி எங்கே தெரியும் தெரியுமா? தோள்பட்டையில். ஆபரேஷன் அடிவயிற்றில், வலி தோளில்! அந்தத் தசையின் நரம்பும் தோள் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு வருவதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை குழம்பிப்போகிறது. எனக்கு வலது தோள் குடைந்தபோது இதயக் கோளாறோ என்று ஒரு மணி நேரம் அழுதேன். ஒன்று மட்டும், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கூடவே இருந்தால் வாயு என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம், இதற்காகத்தான் பெட்ரோல் போட்டு மேலே ஏறினேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. 1662-இல் ராபர்ட் பாயில் சொன்னது, நாம் பரிட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்தது. கணக்குப் போட்டால் சேலத்தில் 100 மில்லியாக இருந்த காற்று மேலே சுமார் 116 மில்லி ஆகும். பாக்கெட்டுக்கு மட்டுமா? உங்கள் குடலுக்கும்தான். மலை ஏறினால் வாயுத்தொல்லை கூடுவதைப் பார்த்துவிட்டு, கொலராடோ மலைகளுக்குப் போன இரண்டு டாக்டர்கள் 1981-இல் அதற்கு ஒரு மருத்துவப் பெயரே வைத்தார்கள். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு ஏன் சண்டை வருகிறது என்று இப்போது புரிகிறதா?

சிசேரியன் முடிந்து மலை ஏறி வீடு திரும்பும் ஏற்காட்டுப் பெண்கள் பயப்பட வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்துக்குப் பெரும்பாலும் காற்று பிரிந்திருக்கும், இந்த ஆறில் ஒரு பங்கு கூடுதல் ஒன்றும் செய்யாது. சங்கடம் வளைவுகளில்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் தையல் சுருக்கென்று இழுக்கும். ஒரு தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் அதே தலையணைதான். என்னுடையது பூப்போட்ட உறை, ஒரு மாதம் என்னை விட்டுப் பிரியவே இல்லை.

காற்று போன பிறகும் வயிறு தெரிகிறதே என்றால், அது கருப்பை. பிரசவ நாளில் தொப்புள் உயரத்தில், சுமார் ஒரு கிலோ இருக்கும். நல்ல மல்கோவா இரண்டு மூன்று சேர்ந்த கனம். ஆறு வாரத்தில் சுருங்கி ஒரு பெரிய எலுமிச்சம்பழ எடைக்கு வந்துவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறதே, அதுவும் வாயு இல்லை, கருப்பை சுருங்குகிற வேலைதான். பழைய வேட்டியால் வயிற்றைக் கட்டினால் நடக்கும்போது தெம்பாக இருக்கும், தொப்பை கரையாது.

சாப்பாட்டில்தான் எனக்குக் கோபம். காற்று பிரியும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று உதடு வெடிக்கக் காய்ந்து கிடந்தேன். சிக்கல் இல்லாத சிசேரியன் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சாதாரண சாப்பாட்டை ஆரம்பிக்கலாம் என்று இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உங்களுக்கு எப்போது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் வாயைத் திறந்து கேளுங்கள். பத்தியப் பூண்டுக் குழம்பு வாயுவை விரட்டும் என்பார்கள். பூண்டில் இருக்கும் ஒரு மாவுப்பொருளைக் குடல் கிருமிகள் தின்று வாயுவைக் கூட்டவும் செய்யும். நான் தெரிந்தேதான் சாப்பிட்டேன், எங்கள் அத்தை வைக்கும் ருசி அப்படி. இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். டாக்டர் சரி என்றதும் எழுந்து நடங்கள், கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் என்றாலும் சரி.

ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்துகிறேன். வயிறு இறங்காமல் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், காய்ச்சல் வந்தால், வலி கூடிக்கொண்டே போனால், "வாயுதான், ஓமத்தண்ணி குடி" என்று யாரும் சொல்லி அமுக்க விடாதீர்கள். பெருங்குடல் அடைப்பே இல்லாமல் பலூன் மாதிரி ஊதிப்போகும் ஓகில்வி நோய் என்று ஒன்று இருக்கிறது, 1948-இல் விவரிக்கப்பட்டது. அரிதுதான், ஆனால் சிசேரியனுக்குப் பிறகு வரும். பெருங்குடலின் தொடக்கப் பகுதி 12 சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்தால் கிழிந்துவிடும் ஆபத்து உண்டு. நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

(திரையில்: அடிவாரச் சோதனைச்சாவடி. அதே பாக்கெட், தொய்ந்து.)

கீழே வந்துவிட்டோம், பாக்கெட் பழையபடி அமுங்குகிறது. இதை நான் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் உங்களுக்கு எத்தனையாவது நாள் காற்று பிரிந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் ஒரு பலூன் படம் மட்டும் போடுங்கள், நான் புரிந்துகொள்வேன்.