ஆற்றை மறித்த மேடும் ஆற்றைத் திருப்பிய குன்றும்

நேயர்களுக்கு வணக்கம்.

1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மாலை குஜராத்தின் கச்சுப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம், ரண் எனப்படும் உப்புச் சதுப்புவெளியின் வடமேற்கில், அதுவரை சமதளமாகக் கிடந்த நிலத்தை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மேடாக உயர்த்தியது. அதன் மிகப்பெரிய உயரம் சுமார் 6 மீட்டர். மலைகளைக் கண்டு பழகியவருக்கு அது வெறும் வரப்பாகவே தோன்றும். ஆனால், சரிவு என்பதே ஏறக்குறைய இல்லாத சமவெளியில் ஓர் ஆற்றைத் தடுக்க அந்த உயரம் தாராளமாகப் போதும். சிந்து நதியின் கிழக்குக் கிளை ஒன்றின் குறுக்கே அம்மேடு எழுந்தது. அதற்குத் தெற்கே நிலம் தாழ்ந்ததால் கடல்நீர் புகுந்து, சிந்த்ரி என்ற கோட்டையைச் சூழ்ந்து பெரும் ஏரியாகத் தேங்கியது. அந்த ஆற்றின் மேற்பகுதியில் மனிதர் கட்டிய அணைகள் ஏற்கெனவே இருந்தமையால், இதனை இறைவனின் அணை என்னும் பொருளில் ‘அல்லா பந்து’ என்று மக்கள் அழைத்தனர்.

இத்தகைய மேடு எழுவது எப்படி? நிலத்தடியில் சாய்வாக அமைந்த ஒரு பிளவின் வழியே வடபுறப் பாறைத்தொகுதி தென்புறத்தின் மீது ஏறும்போது, மேலே உள்ள இளகிய படிவுகள் உடையாமல் வளைந்து எழும்பக்கூடும். அதாவது, பிளவு தரைக்கு வராமலேயே தரையின் வடிவத்தை மாற்றிவிடலாம்.

ஆனால் ஆறு அடங்கிவிடவில்லை. 1826இல் சிந்து நதியில் வந்த பெருவெள்ளம் மேலேயிருந்த அணைகளை உடைத்துக்கொண்டு பாய்ந்து, அல்லா பந்தையும் அறுத்துத் தனக்கு வழி செய்துகொண்டது. அடுத்த ஆண்டு அங்கு சென்ற பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் அந்தப் புதிய வெட்டைக் கண்டு எழுதினார். அவர் தந்த விவரங்களைப் புவியியலாளர் சார்லஸ் லயல் தம் நூலில் எடுத்தாண்டார். நிலம் உயரும் வேகத்துக்கும் ஆறு அரிக்கும் வேகத்துக்கும் இடையிலான போட்டியை ஏழே ஆண்டுகளில் நடத்திக் காட்டிய இடம் என்பதால், பாடநூல்களின் வரைபடங்களைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் போட்டியில் ஆறு வெல்லாத இடங்களும் உண்டு. பஞ்சாபின் ஹோஷியார்பூருக்கு வடகிழக்கே, சிவாலிக் மலைகளின் முகப்பில் ஜனவ்ரி என்ற நீண்ட மடிப்பு, அதாவது பாறை அடுக்குகள் வளைந்து எழுந்த குன்று, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இமயமலையிலிருந்து இறங்கும் சட்லெஜ், இந்த மடிப்பை ஊடறுக்காமல் தென்கிழக்கே ஓடி, ரோப்பரில் அதன் முனையைச் சுற்றியே சமவெளிக்கு வருகிறது. பியாஸ் ஆறோ வடமேற்கு முனையைச் சுற்றித் தெற்கே திரும்புகிறது. மடிப்பு உயர்வதோடு நிற்காமல் முனைகளிலும் நீள்வதால், ஆறுகள் கடக்கக்கூடிய இடங்கள் மேலும் மேலும் விலகிப் போகின்றன. அம்மடிப்பின் முதுகில் பிறக்கும் சிற்றாறுகளை அங்கே ‘சோ’ என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, மழைக்காலத்தில் வயல்களை அழிக்கும் ஓடைகள் அவை.

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்குத் தென்கோடியில், கிழக்கு நோக்கி வளரும் வீலர் ரிட்ஜ் என்ற மடிப்பின் குறுக்கே நீரற்ற கணவாய் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஓடை அறுத்த வழி அது. மடிப்பின் எழுச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓடை கைவிட்டபின், கணவாய் மட்டும் உயரத்தில் எஞ்சியது. இத்தகைய வறண்ட கணவாய்களின் வரிசையையும் உயரத்தையும் கொண்டே, மடிப்பு எத்திசையில் நீண்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர்.

இக்கணிப்பு ஏட்டளவில் நிற்பதன்று. 2001 ஜனவரி 26 அன்று புஜ் நகரத்தை அழித்த நிலநடுக்கத்தில், அதற்குக் காரணமான பிளவு தரையைக் கிழித்துக்கொண்டு வெளிப்படவில்லை. அவ்வாறு மறைந்திருக்கும் பிளவுகளைத் தேடுவோர், காரணமின்றித் திரும்பும் ஓடைகளையும், ஒருபுறம் மட்டும் படிப்படியாக உயர்ந்து நிற்கும் ஆற்றங்கரைத் திட்டுகளையும் முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதன்பின்னரே பிளவை நேரில் காண அகழி வெட்ட இடம் தேர்கின்றனர்.